‘ஸ்கார்பரோ ஃபேர்’ எங்கிருந்து வந்தது? ஒரு பாட்டின் பூர்வீகத்தைத் தேடும் வழி

அமெரிக்கப் பாடகர்கள் சைமன் – கார்ஃபங்கல் 1966-ல் பாடிய இந்த ஆங்கில நாட்டுப்பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ‘ஃபேர்’ என்றால் சந்தை. இணையத்தில் தேடினால் 13-ஆம் நூற்றாண்டுப் பாட்டு என்பார்கள். ஆனால் 1253-ல் மூன்றாம் ஹென்றி மன்னர் சாசனம் கொடுத்தது இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஊர்ச் சந்தைக்கு, பாட்டுக்கு இல்லை. அதனால் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: சந்தை, வரிகள், மெட்டு. மூன்றுக்கும் வயது வேறு வேறு.

முதலில் வரிகள். தலைப்பை வைத்துத் தேட வேண்டாம், இங்கிலாந்தின் வடக்கே உள்ள நார்தம்பர்லாந்தில் இதே பாட்டு ‘விட்டிங்கம் ஃபேர்’ ஆகிவிடும். ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் ஒரு பாட்டின் எல்லா வடிவங்களுக்கும் ஒரே எண் கொடுத்திருக்கிறார், இதற்கு 12. லண்டனில் உள்ள வாகன் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பாடியவர், ஊர், ஆண்டு எல்லாம் வரும், காசு கட்ட வேண்டியதில்லை. வந்ததை ஆண்டுவாரியாக அடுக்குங்கள்.

அடுக்கினால்தான் சுவாரசியம். 1670 வாக்கில் அச்சான பழைய தாளில் சந்தையே கிடையாது. ஒரு மாய வீரன் ஒரு பெண்ணிடம் தையல் இல்லாத சட்டை கேட்கிறான், அவளோ ‘நீ ஊதும் கொம்பாலேயே என் நிலத்தை உழு, பார்க்கலாம்’ என்று திருப்பிக் கேட்கிறாள். எனக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும்! பார்ஸ்லி, சேஜ், ரோஸ்மேரி, தைம் என்ற நான்கு மூலிகைகள் 1810-ல் வந்த குழந்தைப் பாடல் தொகுப்பில் இருக்கின்றன, ஆனால் அங்கேயும் ஸ்கார்பரோ இல்லை.

அப்புறம் மெட்டு. நாட்டுப்பாடல்களைத் தொகுத்த ஃபிராங்க் கிட்சன் 1891-ல் அச்சிட்ட மெட்டு வேறு. நாம் கேட்கும் மெட்டு, 1947-ல் மிடில்டன்-இன்-டீஸ்டேல் ஊரில் மார்க் அண்டர்சன் என்ற ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளி நாட்டுப்பாடகர் யூவன் மெக்காலிடம் பாடிக்காட்டியது. அது ஆங்கில நாட்டுப்பாடகர் மார்ட்டின் கார்த்தி வழியாக பால் சைமனுக்குப் போனது.

இரண்டு மெட்டும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்க, சுரம் எழுதிப் பாருங்கள். அண்டர்சன் வழி வந்த மெட்டின் முதல் வரி: ச ச ப ப ப ரி க ரி ச. மூலிகை வரியில் சதுச்ருதி தைவதம் (மேல் ‘த’) வருகிறது, நம் கரகரப்பிரியா ராகத்தின் அதே சுரங்கள், கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) மட்டும் இல்லை. கிட்சனின் முதல் வரியையும் இதற்குக் கீழேயே எழுதி, இரண்டையும் வாய்விட்டுப் பாடுங்கள். எந்த இடத்தில் பிரிகிறது என்று காதே சொல்லிவிடும்.