பிட்ல்பீ அரட்டை நுழைவாயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனுக்கு அருகில் மாலை நேரங்களில் நாங்கள் நடத்தும் கணினி வகுப்பில் இருப்பவை பெரும்பாலும் பழைய இயந்திரங்கள். உலாவியில் அரட்டைப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே அவை திணறிவிடும். மழை பிடித்துக்கொண்டால் பள்ளத்தாக்கில் சிக்னலும் மங்கிவிடும். எனவேதான் எழுத்தை மட்டும் கொண்டுசெல்லும் ஐஆர்சி என்ற அரட்டை முறைக்கான செயலியையும், அச்செயலியின் உள்ளிருந்தே பிற அரட்டைச் சேவைகளில் இருப்பவர்களோடு பேச வழிசெய்யும் பிட்ல்பீ என்ற திறந்த மூல நிரலையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினோம். கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோடும், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் நீலகிரிப் பக்கம் போய்விட்ட குடும்பத்தாரின் பிள்ளைகளோடும் குறைந்த டேட்டாவில் பேச முடிவது இங்கே சிறிய விடயமல்ல. ஆயினும் ஒவ்வொரு புதிய குழுவும் ஏறத்தாழ அதே கேள்விகளைக் கேட்பதையும், அதே இடங்களில் தடுக்கி விழுவதையும் பார்த்த பிறகு இதை எழுதிவைப்பது அவசியம் என்று தோன்றியது.

பிட்ல்பீ 2002ஆம் ஆண்டில் வெளிவந்த நிரல். அதைத் தொடங்கியவர் வில்மர் ஃபான் டெர் காஸ்ட். ஐஆர்சியோ அதைவிட மூத்தது. 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஒய்கரினென் உருவாக்கியது. பிட்ல்பீ உங்கள் செயலிக்கு ஓர் ஐஆர்சி சேர்வராகத் தோன்றும். உள்ளே நுழைந்ததும் கட்டுப்பாட்டு அறை ஒன்று திறக்கும். அங்கே ரூட் என்ற பெயரில் நிரலே உங்களோடு பேசும். உங்கள் நண்பர்கள் அந்த அறையில் இருப்பவர்களாகக் காட்டப்படுவார்கள். பிட்ல்பீ அரட்டைச் சேவை அல்ல, சேவைகளுக்குச் செல்லும் வாசல் மட்டுமே. என் அனுபவத்தில் பெரும்பாலான தவறுகள் இந்த வேறுபாட்டை மறப்பதிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, கடவுச்சொற்களைக் குழப்பிக்கொள்வது. பிட்ல்பீயில் 'ரெஜிஸ்டர்' கட்டளையோடு நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல் வாசலின் பூட்டுக்கு உரியது. எக்ஸ்எம்பிபி (திறந்த அரட்டை நெறிமுறை) போன்ற சேவையின் கணக்கைச் சேர்க்கும்போது கொடுப்பது அந்தச் சேவைக்கு உரியது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பவர்கள் உண்டு. அவ்வாறு செய்யாதீர்கள். உங்கள் சேவைக் கணக்குகளின் கடவுச்சொற்களை வாசலின் கடவுச்சொல்லைக் கொண்டே மறையாக்கம் செய்து பிட்ல்பீ சேமிக்கிறது. ஆகவே வாசலின் கடவுச்சொல் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் அனைத்தும் அவருக்குத் திறந்துவிடும். அதே காரணத்தால், அதை நீங்கள் மறந்துவிட்டால் சேர்வரை நடத்துபவராலும் மீட்டுத்தர இயலாது. உங்கள் அமைப்புகளைச் சேமித்திருக்கும், உங்கள் பெயரில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பை அழித்துவிட்டு, புதிதாகப் பதிவுசெய்து, கணக்குகளை மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே வழி. கண்கள் கலங்க நின்ற ஒரு மாணவிக்கு இதைச் சொல்ல நேர்ந்ததிலிருந்து, பதிவுசெய்யும் முன்பே கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தும்படி வற்புறுத்துகிறேன். தாளில் எழுதுவது பாதுகாப்பற்றது என்பார்கள். பதினைந்து பேர் மாறிமாறி உட்காரும் கணினியில் சேமித்துவைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதோடு சேர்ந்ததே புனைபெயர்க் கோளாறு. வகுப்புக் கணினியில் ஒரு பெயரில் பதிவுசெய்துவிட்டு, கைபேசியில் ஓர் அடிக்கோடோ இலக்கமோ சேர்த்து வேறு பெயரில் நுழைந்தால், நீங்கள் பதிவுசெய்யப்படாதவர் என்றே பிட்ல்பீ பதில் சொல்லும். கணக்கு அழிந்துவிடவில்லை, அமைப்புகள் புனைபெயரின் அடிப்படையிலேயே சேமிக்கப்படுவதால் அந்தப் பெயருக்குக் கோப்பு இல்லை, அவ்வளவுதான். பதறிப்போய் மறுபடியும் பதிவுசெய்தால் பழைய கணக்கோடு ஒரு வெற்றுக் கணக்கையும் வைத்துக்கொண்டு தடுமாற வேண்டிவரும். முதலில் பெயரைச் சரிபாருங்கள்.

மின்சாரத்தை நம்பி வேலை செய்வது அடுத்த தவறு. ஒழுங்காக வெளியேறும்போது பிட்ல்பீ அமைப்புகளைத் தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மின்சாரம் திடீரென நின்றால் வெளியேறுவதற்கே நேரம் இருக்காது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இருக்கிறோம். மலையில் காற்று பலமாக அடித்து மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தாலே போதும். ஆகவே கணக்கு ஒன்றைச் சேர்த்ததும், நண்பரின் பெயரை மாற்றியதும், உடனே 'சேவ்' என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

தமிழில் எழுதுவோர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேற்றுமொழிக் கையேடுகளில் இதைப் பெரும்பாலும் காண முடியாது. ஐஆர்சியில் ஒரு வரி, அதன் கட்டளைப் பகுதியும் முடிவுக்குறியும் உட்பட, 512 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்று மூன்று பைட்; உயிர்மெய்யில் மெய்யும் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'தே' என்ற ஓரெழுத்தே ஆறு பைட்டுகளைப் பிடிக்கும். 'தேயிலைத் தோட்டம்' என்று எழுதிப் பாருங்கள்: கண்ணுக்கு எட்டு எழுத்துகள், இடைவெளியோடு 46 பைட்டுகள். அப்படியானால் நான்கைந்து வரி நீளும் ஒரு பத்தி எங்கே அடங்கும்? சில செயலிகள் எல்லையைத் தாண்டியதை வெட்டிவிடும். சில செயலிகள் ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே பிளந்துவிடும், அப்போது எதிர்முனையில் கேள்விக்குறியோ கட்டமோ தெரியும். இதைப் பார்த்துவிட்டுத் தமிழ் எழுத்துரு சரியில்லை என்று எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர். கோளாறு எழுத்துருவில் இல்லை. சிறு வரிகளாக எழுதுங்கள். வரிகள் தனித்தனியாகச் சென்று எதிரில் இருப்பவரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்றால் 'பேஸ்ட் பஃபர்' அமைப்பை இயக்குங்கள். அடுத்தடுத்து ஒட்டப்படும் வரிகளைச் சேர்த்து ஒரே செய்தியாக அது அனுப்பும். பிட்ல்பீயிலும் உங்கள் செயலியிலும் எழுத்துக் குறியேற்றம் யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுத முடியவில்லை என்று சொல்லி ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகாது என்பதே என் உறுதியான கருத்து.

சேர்வரை நீங்களே நடத்துவதானால் கதவை அகலத் திறந்துவைக்காதீர்கள். வழக்கமான 6667 என்ற போர்ட்டில் ஐஆர்சி உரையாடல் மறையாக்கம் இல்லாமலே செல்கிறது. ஒரே வைஃபையைப் பலர் பகிரும் இடத்தில், உங்கள் கடவுச்சொல் உட்பட அனைத்தையும் இன்னொருவரால் படிக்க இயலும். நிரலும் செயலியும் ஒரே கணினியில் இருந்தால் அமைப்புக் கோப்பில் முகவரியை 127.0.0.1 (அதே கணினியை மட்டும் குறிக்கும் முகவரி) என்று வரையறுத்துவிடுங்கள். வெளியிலிருந்து இணைய வேண்டுமானால் இணைப்பை மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்எச் சுரங்கத்தின் வழியாகவோ எஸ்டனல் போன்ற நிரலின் துணையோடோ வாருங்கள். பிறர் நடத்தும் பொது நுழைவாயிலில் கணக்குகளைச் சேர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் செய்திகள் அந்த இயந்திரத்தைக் கடந்தே செல்கின்றன, அதை நடத்துபவர் நினைத்தால் அவற்றைப் பார்க்கலாம். முகம் தெரியாத ஒருவரிடம் குடும்பப் பேச்சை ஒப்படைப்பதற்கு முன் நன்கு யோசியுங்கள்.

குறிப்பிட்ட சேவையின் பெயரைக் கொடுத்தால் அப்படி ஒரு நெறிமுறையே தெரியாது என்று நிரல் சொல்வதாகச் சிலர் கேட்கிறார்கள். பிட்ல்பீ இரு வகையாகத் தொகுக்கப்படுகிறது. பல அரட்டைச் சேவைகளோடு பேசத் தெரிந்த லிப்பர்ப்பிள் என்ற நிரல் நூலகத்தோடு தொகுக்கப்பட்டதில் மட்டுமே அந்நூலகத்துக்கான செருகுநிரல்கள் இயங்கும். அதைப் பலர் பயன்படுத்துவதாயின் 'ஃபோர்க்டீமன்' முறையில், ஒவ்வொருவருக்கும் தனிச் செயலாக்கமாக ஓடும்படி வைக்க வேண்டும். அந்நூலகம் பல பயனர்களை ஒரே செயலாக்கத்தில் தாங்குவதற்காக எழுதப்பட்டதல்ல. இதனால் நினைவகம் கூடுதலாகத் தேவைப்படும்.

வாட்ஸ்அப் கிடைக்குமா என்பதே இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. பிட்ல்பீயில் அது உள்ளமைந்து இல்லை. அதிகாரபூர்வமற்ற செருகுநிரல்களைத் தேடிப் பிடித்து இணைப்பதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதிகாரபூர்வமற்ற செயலிகளுக்கு வாட்ஸ்அப்பின் விதிமுறைகள் இடம்தருவதில்லை, கணக்கே முடக்கப்படலாம். வெளிநாட்டில் வேலை செய்யும் தாயோடு பேசப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே எண்ணை அவ்வாறு பணயம் வைக்கலாகாது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து மூடப்பட்ட சேவைகளைச் சேர்க்க முயல்வதும் வீண் வேலை. ஏஐஎம் 2017இலும், யாஹூ மெசஞ்சர் 2018இலும், ஐசிக்யூ 2024இலும் மூடப்பட்டுவிட்டன. வாசல் சரியாக இருந்தாலும் அந்தப் பக்கம் வீடு இல்லை.

உதவி கேட்கும்போது திரையில் உள்ளதை அப்படியே படம்பிடித்து அனுப்புவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. கட்டுப்பாட்டு அறையில் தட்டச்சு செய்த கடவுச்சொல் அதே திரையில், பெரும்பாலும் செயலியின் பதிவேட்டிலும், கிடக்கும். அதைத் தவிர்க்கப் பிட்ல்பீயே வழி வைத்திருக்கிறது: கட்டளையில் கடவுச்சொல்லை எழுதாமல் விட்டுவிட்டு, பின்னர் 'ஓப்பர்' என்ற ஐஆர்சி கட்டளையின் மூலம் அதைத் தனியாகக் கொடுக்கலாம். பிழைச்செய்தியை மட்டும் எழுத்தாகப் பிரதியெடுத்து, நிரலின் பதிப்பு எண்ணோடும் நீங்கள் கொடுத்த கட்டளையோடும் அனுப்பினால், உதவுபவருக்கு அதுவே போதும்.