நிலக்கரியிலிருந்து ஒரு நகரத்தை விடுவிப்பது எப்படி: பெய்ஜிங் செய்தது

ஊருக்குள் இருக்கும் அனல் மின் நிலையத்தை மூட வேண்டுமா? முதலில் அது மின்சாரம் மட்டும்தான் தருகிறதா என்று பாருங்கள். பெய்ஜிங்கின் நான்கு பெரிய நிலையங்களும் குளிர்காலத்தில் குழாய் வழியே வீடுகளுக்கு வெப்பமும் கொடுத்துக்கொண்டிருந்தன, அதனால் மாற்று தயாராகாமல் கை வைக்க முடியாது.

ஆகவே புதியதை முதலில் கட்டுங்கள். அங்கே எரிவாயு நிலையங்கள் வந்தன: வாயு எரிந்து ஒரு டர்பைனைச் சுழற்றும், வெளியேறும் புகையின் சூட்டிலேயே நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனை ஓட்டுவார்கள், மிச்ச வெப்பம் வீடுகளுக்கு. அப்புறம் ஒவ்வொன்றாக அணையுங்கள். 2014இல் ஒன்று, 2015இல் இரண்டு, 2017 மார்ச்சில் கடைசி.

பழைய கொதிகலனை உடனே உடைத்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! அதே 2017 டிசம்பரில் எரிவாயுத் தட்டுப்பாடு வந்து, மூடிய நிலையத்தையே மறுபடி பற்றவைக்க வேண்டியதாயிற்று.

சரி, எரிவாயுவும் சுத்த சைவம் இல்லை, கரியமில வாயு அதிலும் வரும். வெளியூர்க் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவர மின்தடம் போடும் வேலையையும் கூடவே தொடங்குங்கள். பக்கத்து மாகாணத்தில் உள்ள ஜாங்பெய்யிலிருந்து பெய்ஜிங்குக்கு அப்படி ஒரு தடம் 2020இல்தான் ஓட ஆரம்பித்தது.