கிளவுஸ்தாலுக்குக் குடிவருகிறவர்கள் தோட்டத்தில் மண்வெட்டியை வைக்கும் முன்

ஒரு கூடை வெந்தயக்கீரைக்கு நான் 840 யூரோ கொடுத்தேன். அதைச் சாப்பிடவும் இல்லை, குப்பையில்தான் போட்டேன். ஜெர்மனியில் இருக்கிற கிளவுஸ்தால்-செல்லர்ஃபெல்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள், முக்கியமாகக் கைக்குழந்தையோடு வருகிறவர்கள், அந்தக் காசை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் கேட்கிற விஷயங்களை முதலில் வேகமாக முடித்துவிடுகிறேன். வீட்டுக்குள் நுழைந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்யவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும், வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு. எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அவ்வளவுதான். இதற்கெல்லாம் பல்கலைக்கழகத்தில் உதவி கிடைக்கும், சீனியர்களும் இருக்கிறார்கள். மண்ணைப் பற்றித்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த ஊருக்கு ரயில் கிடையாது. 1976-இலேயே பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். கோஸ்லாரில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலையேறும் பேருந்தைப் பிடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு வந்து சேர்வது போல டிக்கெட் போட்டுவிட்டு டாக்சிக்கு அழாதீர்கள். ஹார்ட்ஸ் மலைமேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம், அதன்மேல் ஊர். உயரத்தைக் கேட்டால் நம் ஏற்காட்டில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஜனவரியில் வந்து பாருங்கள்.

பெயரில் இருக்கிற கோடு வெறும் அலங்காரம் இல்லை. கிளவுஸ்தால் ஒரு ஊர், செல்லர்ஃபெல்ட் இன்னொரு ஊர். நடுவில் செல்பாக் என்று ஒரு சின்ன ஓடை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு அரசர், அந்தப் பக்கம் வேறொரு அரசர். 1924-இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். செல்லர்ஃபெல்ட் 1672-இல் எரிந்து சாம்பலானது. திரும்பக் கட்டும்போது கோடு போட்ட மாதிரி தெருக்களை நேர்நேராக அமைத்ததால், புதிதாக வருகிறவர்கள்கூட அங்கே வழி தவறமாட்டார்கள். கிளவுஸ்தால் பக்கமும் 1634-இல் ஒரு பெருந்தீ. அதில் போன தேவாலயத்துக்குப் பதிலாக முழுக்க மரத்தாலேயே ஒன்று கட்டினார்கள், 1642-இல் முடிந்தது. ஜெர்மனியின் மிகப் பெரிய மரத் தேவாலயங்களில் ஒன்று அது. எரிந்த ஊரில் மறுபடியும் மரத்திலேயே கட்டியிருக்கிறார்களே என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

இவ்வளவு குளிரில் மலைமேல் யார் ஊர் கட்டுவார்கள்? வெள்ளிக்காகக் கட்டினார்கள். இடைக்காலத்தில் இங்கே செல்லா என்று ஒரு துறவியர் மடம் இருந்தது, செல்லர்ஃபெல்ட் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து மலையே காலியாகிக் கிடந்தது. 16-ஆம் நூற்றாண்டில் வரிச்சலுகை கொடுத்துச் சுரங்கத் தொழிலாளிகளை மறுபடி அழைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கே எர்ட்ஸ்கெபிர்கே மலையிலிருந்து வந்தவர்கள். சுற்றிலும் வேறு பேச்சு இருக்க, அவர்கள் கொண்டுவந்த கிழக்கத்திப் பேச்சை இன்றும் சில முதியவர்கள் பேசுகிறார்கள். ஆக, இந்த ஊரே குடிவந்தவர்களின் ஊர்தான். யாராவது உங்களை முறைத்துப் பார்த்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்கவேண்டும், மின்சாரம் இல்லாத காலம். மழைத்தண்ணீரைக் குளங்களில் தேக்கி, மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, அந்தத் தண்ணீரின் விசையால் சக்கரம் சுற்றி அடியில் உள்ள தண்ணீரை மேலே ஏற்றினார்கள். இன்று அதை மேல்ஹார்ட்ஸ் நீர்மேலாண்மை என்கிறார்கள். சுமார் 107 பழைய குளங்கள், 310 கிலோமீட்டர் வாய்க்கால்கள். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஏரியும் மதகும் எங்கள் சொத்து என்ற மிதப்பில் இருந்தவன். முதல்முறை அந்த வாய்க்கால் கரையில் நடந்தபோது வாயை மூடிக்கொண்டேன். இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கம்பிவடம் செய்ததும் இந்த ஊரில்தான், 1834-இல், வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்ற சுரங்க அதிகாரி. இன்று லிஃப்டில் ஏறும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

சரி, வெள்ளிக்கு வருவோம். இங்கே வெள்ளி தனியாகக் கிடைக்கவில்லை, ஈயத் தாதுவோடு கலந்து கிடைத்தது. ஒரு கைப்பிடி வெள்ளிக்காக மூட்டை மூட்டையாக ஈயத்தை உருக்கவேண்டும். தாதுவை இடித்த மணல் ஓடைகளில் போனது. உலைப்புகை காற்றில் போய், நானூறு வருடமாகக் காட்டிலும் தோட்டத்திலும் இறங்கியது. கிளவுஸ்தால் சுரங்கங்கள் 1930-இல் மூடப்பட்டன, ஈய உலை 1967 வரை எரிந்தது. உலை அணைந்துவிட்டது. ஈயமும், காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் மண்ணிலேயே தங்கிவிட்டன.

இது எதுவும் தெரியாமல்தான் பின்பக்கம் தோட்டம் உள்ள வீடு கிடைத்ததும் நாங்கள் துள்ளிக்குதித்தோம். இந்த ஊரில் கீரை என்றால் உறைந்த ஸ்பினாட் கட்டிதான். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, கீரை மசித்துக் கொடுக்கவேண்டும் என்பது மனைவியின் ஆசை. ஊரிலிருந்து விதை கொண்டுவரச் சான்றிதழ் அது இது என்று கேட்பார்கள். அதனால் இந்தியக் கடையில் சமையலுக்கு வாங்கிய வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் தூவினோம். பாத்திக்கு இடம் எடுக்க, மேட்டு மண்ணை வெட்டி மூலையில் குவித்தேன். அங்கே ரோஜா நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள் கொத்தாகப் பூத்திருந்தன. அழகாக இருக்கிறதே என்று அதை மட்டும் விட்டுவைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் வேலைபார்த்த குடும்பம். அவர் மரப்பலகையில் இடுப்பளவு பெட்டி செய்து, கடையில் வாங்கிய மண்ணைக் கொட்டி அதில் செடி வைத்திருந்தார். குனிய முடியாமல் செய்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். கீரை பறிக்கிற அன்று வேலிக்கு வந்தவர், கூடையைப் பார்த்துவிட்டு, "இதைக் குழந்தைக்கா கொடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார். அப்புறம் அந்தப் பூவைக் காட்டினார். அது ஹாலர் கிராஸ்நெல்கே. மற்ற செடிகள் தாங்காத உலோக மண்ணில், கசடுமேடுகளில் வளர்கிற செடி. அது பூத்திருக்கும் இடம் மண்ணே மாட்டிவைத்த எச்சரிக்கைப் பலகை.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "நாம ஈயச் சொம்புல ரசம் வைக்கலையா? அதுக்கென்ன இப்போ?" என்றார். ஈயச் சொம்பு வெள்ளீயம், இது காரீயம் என்று புரியவைக்கவே அரைமணி நேரமானது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோஹ் 1843-இல் பிறந்தது இந்தக் கிளவுஸ்தாலில்தான். கிருமியாக இருந்தால் கொதிக்கவைத்துக் கொல்லலாம். காரீயம் கொதித்தாலும் காரீயம்தான்.

தொல்லை அதோடு முடியவில்லை. வெட்டிக் குவித்த மண்ணைக் கடன் வாங்கிய டிரெய்லரில் ஏற்றிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோஸ்லார் மாவட்டத்தில் 2001 முதல் இதற்கென்றே ஒரு சட்டவிதி இருக்கிறது. மாசின் அளவைப் பார்த்து நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், வெட்டிய மண்ணை இஷ்டத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. இதை வாடகை ஒப்பந்தத்தின்போது ஒரு வார்த்தை சொல்லாத வீட்டுக்காரர், மண்ணைக் குவித்ததற்கு மட்டும் உடனே கடிதம் போட்டார். பரிசோதனை, ஏற்றுக்கூலி, கொட்டும் கட்டணம் எல்லாம் சேர்த்து 840 யூரோ. மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, முடிவு வரும்வரை நாங்கள் தூங்கவில்லை. நல்லவேளை, ஒன்றுமில்லை.

அதனால் வீடு பார்க்கும்போதே, தோட்டம் எந்தப் பகுதிக்குள் வருகிறது என்று மாவட்ட நிர்வாகத்தில் கேளுங்கள், முகவரியை வைத்துச் சொல்வார்கள். பழைய பாத்தியில் கீரை வகை எதுவும் வேண்டாம், காட்மியத்தை உறிஞ்சுவதில் இலைகளுக்கு ஈடு இல்லை. தக்காளி, பீன்ஸ், ஆப்பிள் போன்ற காய்கனிகளில் ஏறுவது மிகக் குறைவு, நன்றாகக் கழுவினால் போதும். கிழங்கைத் தோல் சீவாமல் சாப்பிடாதீர்கள். குழந்தை விளையாடுகிற இடத்தில் வெறும் மண் தெரியக்கூடாது, புல் போட்டு மூடுங்கள். செருப்பை வாசலிலேயே விடுகிற நம் பழக்கத்தைத் தயவுசெய்து இங்கே வந்து மறந்துவிடாதீர்கள். பள்ளம் தோண்டுவதாக இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்காமல் மண்வெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

பயந்துபோய் வேறு ஊர் தேடவும் வேண்டாம். குழாய்த் தண்ணீருக்கும் தோட்டத்து மண்ணுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், நாங்கள் குழாயில் பிடித்துத்தான் குடிக்கிறோம். கோடையில் குளிக்க அனுமதி உள்ள குளங்களில் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்தால் ஊர் ஆற்றங்கரை ஞாபகம் வந்து தொண்டையை அடைக்கும்.

இப்போது எங்கள் வீட்டிலும் பெரியவர் செய்துகொடுத்த பெட்டி இருக்கிறது. இதை ஹோக்பேட் என்கிறார்கள், பாவ்மார்க்ட் என்கிற கட்டுமானப் பொருள் கடையில் தயாராகவும் கிடைக்கும். அடியில் விரிப்புப் போட்டு, மண் மூட்டைகளைக் கடையில் வாங்கி நிரப்புங்கள். ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் ஏமாந்து விதைத்துவிடாதீர்கள். மே மாத நடுவில் அய்ஸ்ஹைலிகன் என்று சில நாட்கள் வரும், அதுவரை உறைபனி வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது இங்குள்ளவர்கள் கணக்கு. பெரியவர் சரி என்று சொன்ன பிறகுதான் நான் வெந்தயத்தை ஊறப்போடுகிறேன்.