ஒரு வகுப்புக்கு இரண்டு டீச்சர்: தொடக்க வகுப்பைப் பகிர்ந்து நடத்தும் முறை

திருநெல்வேலிச் சீமையில் ஈராசிரியர் பள்ளி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்து நடத்துவார்கள். இந்தக் குறிப்பு அதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாட்டைப் பற்றியது. வகுப்பு ஒன்று, பணியிடமும் ஒன்று. அதை இரண்டு ஆசிரியைகள் வாரத்தைப் பாதியாகப் பிரித்து, சம்பளத்தையும் அப்படியே பகிர்ந்து நடத்துவது. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் இது பழகிப்போன முறை. அங்கே 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இத்தகைய வேலைமுறையைக் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. நம் அரசுப் பள்ளிகளில் ஒரு பணியிடத்தை இருவர் பாதியாகப் பகிரும் வழக்கம் இல்லை. தனியார் தொடக்கப் பள்ளிகளில் நிர்வாகம் மனம் வைத்தால் நடக்கும்.

கைக்குழந்தையோடு இருந்த நானும், படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னோர் ஆசிரியையும், அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பை நான்கு ஆண்டுகள் இப்படி நடத்தினோம். இந்த வசதி இல்லையென்றால் நாங்கள் இருவருமே வேலையை விட்டிருப்போம். அந்த அனுபவத்தில் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றே: இரண்டு டீச்சர்களுக்கு நடுவே குழந்தை தூது போகக் கூடாது. நேற்று எந்தப் பக்கம் வரை முடிந்தது, வீட்டுப்பாடம் என்ன கொடுத்தார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டால், வகுப்பு கையை விட்டுப் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வாரத்தைப் பிரிப்பதிலிருந்து தொடங்கலாம். காலை ஒருவர், மாலை ஒருவர் என்று நாளைப் பிரிப்பது பார்வைக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ பேருந்தில் வருகிறவருக்கு அரை நாள் வேலைக்கும் முழு நாள் வேலைக்கும் போக்குவரத்துச் செலவும் அலைச்சலும் ஒன்றுதான். திங்கள், செவ்வாய், புதன் முற்பகல் ஒருவருக்கும், புதன் பிற்பகல், வியாழன், வெள்ளி மற்றவருக்கும் என்று பிரிப்பதே நல்லது. புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் இருவரும் பள்ளியில் இருக்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகள் தங்கள் இரண்டு டீச்சர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சாப்பிடுவதைப் பார்க்கிறார்கள். அவர்கள் ஒரே பேச்சில் இருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

இந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று நிர்வாகத்திடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியரின் குறைந்தபட்ச வார வேலை நேரத்தைப் பாடத் தயாரிப்பையும் சேர்த்தே 45 மணி என்று கணக்கிடுகிறது. அதில் பாதி இருபத்திரண்டரை மணி. வகுப்பில் நிற்கும் நேரத்தை மட்டும் எண்ணிப் பாதிச் சம்பளம் போடுவது சரியாகாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லாதபோது மற்றவர் வந்தால் அந்த நாளுக்குச் சம்பளமா, மாற்று நாளா, மே மாதச் சம்பளம் எப்படி என்பவற்றையும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால், பிற்பாடு மனத்தாங்கல் பள்ளிக்கூடத்தோடு நில்லாமல் உங்கள் இருவருக்கும் இடையிலும் வந்து உட்கார்ந்துவிடும்.

பாடங்களை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழையும் கணக்கையும் பிரிக்கக் கூடாது. இரண்டும் நாள்தோறும் நடக்க வேண்டியவை. ஆகவே இருவரும் இரண்டையும் நடத்தியாக வேண்டும். சூழ்நிலையியலை வேண்டுமானால் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பாட்டும் பேச்சும் ஒருவருக்கு, எழுத்து மற்றவருக்கு என்று நாங்கள் வைத்துக்கொண்டோம், நன்றாகவே நடந்தது.

தமிழையும் கணக்கையும் இருவர் நடத்தும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது. எங்கள் முதல் ஆண்டில் நான் ண-வை ‘மூணு சுழி ண’ என்றும் ன-வை ‘ரெண்டு சுழி ன’ என்றும் சொல்லிக் கொடுத்தேன். என் தோழி டண்ணகரம், றன்னகரம் என்று முறையான பெயரைச் சொன்னார். இரண்டிலும் தவறில்லை. ஆனால் வாரத்தின் முற்பாதியில் ஒரு பெயரையும் பிற்பாதியில் இன்னொரு பெயரையும் கேட்ட பிள்ளைகளில் சிலர், வகுப்பில் நான்கு வகை ன இருப்பதாகவே எண்ணிக்கொண்டார்கள். கணக்கிலும் அப்படித்தான். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க நான் பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக் கொடுத்தார். கடன் வாங்கியதை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒரு பையன் கேட்டபோதுதான், நாங்கள் இருவரும் ஒரே கணக்கை இரண்டு பாஷையில் நடத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

எனவே ஒவ்வொரு பருவம் தொடங்கும் முன்பும் இருவரும் பாடப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எழுத்துகளுக்கு என்ன பெயர், கழித்தலுக்கு என்ன சொல், வாய்ப்பாட்டை எந்த ராகத்தில் சொல்வது என்பது வரை தீர்மானித்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஒரு முழு நாள் இதற்கு வேண்டும். எது சிறந்த முறை என்ற வாதம் நீண்டால், வகுப்பில் மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு எது எளிதோ அதை இருவரும் ஏற்றுக்கொள்வது என்று நாங்கள் வைத்திருந்தோம். கழித்தலில் குச்சிக்கட்டு நின்றது. எழுத்தில் முதல் பருவத்துக்குச் சுழிக்கணக்கு, இரண்டாம் பருவத்திலிருந்து டண்ணகரம், றன்னகரம் என்று முடிவானது.

அடுத்தது ஒப்படைப்பு நோட்டு. கோடு போட்ட சாதாரண நோட்டே போதும். அது வகுப்பறை அலமாரியை விட்டு வெளியே போகக் கூடாது. இடப்பக்கம் பாடம், வலப்பக்கம் பிள்ளைகள். பாடப்பக்கத்தில் ‘கழித்தல் முடிந்தது’ என்று எழுதினால் மற்றவருக்கு ஒரு பயனும் இல்லை. ‘52 – 27 வகைக் கணக்கு. பெரும்பாலோருக்கு வருகிறது. நான்கு பேர் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 35 என்கிறார்கள். அவர்கள் கையில் குச்சியைக் கொடுத்துச் செய்ய விடுங்கள். பக்கம் 31-இல் கடைசி இரண்டு கணக்கு போடவில்லை’ என்று எழுதினால், மறுநாள் காலையில் அவர் எங்கே கை வைக்க வேண்டுமோ அங்கே கை வைத்துவிடுவார். எத்தனை களைப்பாக இருந்தாலும், பேருந்து வரும் நேரமானாலும், இதை எழுதாமல் கிளம்பக் கூடாது.

வலப்பக்கம் இன்னும் முக்கியமானது. ஒரு புதன்கிழமை நான் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவசரமாகக் கிளம்பினேன். மதிய அரை மணி நேரம் உட்காரவில்லை. முந்தின நாள் இரவுதான் ஒரு சிறுமியின் அப்பா துபாய்க்குப் புறப்பட்டிருந்தார். திருவனந்தபுரம் விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு, தூக்கமில்லாமல் வந்திருந்த அவளை நான் காலை முழுவதும் என் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை நோட்டில் எழுதவில்லை. மறுநாள் என் தோழி, வீட்டுப்பாடத்தில் அப்பாவின் கையெழுத்து ஏன் இல்லை என்று எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டிருக்கிறார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை, பிழை என்னுடையது. அதற்குப் பிறகு வலப்பக்கத்தை நான் ஒரு நாளும் வெறுமையாக விட்டதில்லை. இத்தகைய செய்திகளை வாட்சப்பில் அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளையின் வீட்டுச் செய்தி, வீட்டில் நாலு பேர் எடுத்துப் பார்க்கும் போனில் கிடக்க வேண்டியதில்லை. மருந்து, ஒவ்வாமை, யார் அழைத்துப்போக வருவார்கள் என்பவை போன்ற அவசரங்களை நேரடியாக அழைத்துச் சொல்லிவிட்டு, நோட்டிலும் எழுத வேண்டும்.

பிள்ளைகள் இருவரையும் சோதித்துப் பார்ப்பார்கள். ‘அந்த டீச்சர் விடுவாங்களே’ என்று தண்ணீர் குடிக்கப் போவதிலிருந்து இடம் மாறி உட்காருவது வரை எல்லாவற்றுக்கும் வரும். அதற்கு ‘அவங்க விடுவாங்க, நான் விட மாட்டேன்’ என்று பதில் சொல்லவே கூடாது. ‘கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று சொல்லி, கேட்டும் விட வேண்டும். தோழி என்னைவிட மூத்தவர். வெளியில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வகுப்பில் டீச்சர் என்பேன். அவர் செய்த ஒன்று எனக்குப் பிடிக்காவிட்டாலும் புதன்கிழமை வரை பொறுத்திருந்து தனியாகச் சொல்வேன்.

நம் பகுதிக்கே உரிய சில கணக்குகளும் உண்டு. அம்மன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையிலும், சுடலைமாடன் கோயில் கொடை வெள்ளியிலும் வரும். ஆடி, ஆவணியில் வாரத்துக்கொரு தெருவில் கொடை நடக்கும்போது அந்த இரண்டு நாட்களிலும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே புதிய பாடத்தைச் செவ்வாயிலும் வெள்ளியிலும் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடுமுறை திடீரென வரும். 2023 டிசம்பர் வெள்ளம் போல நாள்கணக்கில் பள்ளி திறக்காமலும் போகலாம். ‘திங்கள் என்றால் இந்தப் பாடம்’ என்று கிழமையோடு கட்டி வைத்தால், மழை ஒருவருடைய பங்கை மட்டும் அடித்துக்கொண்டு போய்விடும். பாடத்தை வரிசை எண்ணில் எழுதி வைத்து, யார் வந்தாலும் அடுத்த எண்ணிலிருந்து தொடங்குவதே வழி. ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்ற சட்டக் கணக்கு வகுப்புக்கு உரியது. ஈடுசெய்யும் சனிக்கிழமைகளை இருவரும் சரிபாதியாக ஏற்க வேண்டும்.

பெற்றோருக்கு முதலில் தயக்கம் இருக்கும். ‘கிளாஸ் டீச்சர் யாரு?’ என்று கேட்பார்கள். இருவரும்தான் என்று சொல்லி, கதவில் இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே உட்கார வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் தாய்மார்கள், கடைக்குப் பீடி கொண்டுபோகும் நேரத்தை விட்டுத்தான் வர முடியும். அவர்களை இன்னொரு நாள் மற்ற டீச்சரைப் பார்க்க வரச் சொல்வது அன்றைய கூலியில் கை வைப்பதாகும். ஒருவரிடம் சொன்னால் இருவரிடமும் சொன்னதாக ஆகும் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுங்கள்; நோட்டு ஒழுங்காக இருந்தால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியும். பாடம் நடக்கும்போதே அவ்வப்போது செய்யும் வளரறி மதிப்பீட்டை யார் நடத்தினாலும், தேர்ச்சி அட்டையில் எழுதும் குறிப்பை இருவரும் பேசி ஒரே குறிப்பாக எழுத வேண்டும்.

ஏப்ரலில் வகுப்பை மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் ஒப்படைக்கும்போது நோட்டின் பாடப்பக்கங்களை அப்படியே கொடுக்கலாம். வலப்பக்கங்களை நாங்கள் கொடுப்பதில்லை. புதிய டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டியதை இருவரும் உட்கார்ந்து வாயால் சொல்லிவிட்டு, அந்தப் பக்கங்களைக் கிழித்துப் பள்ளிக் கிணற்றடியில் எரித்துவிடுவோம்.