ஃபைபர்கிளாஸ் டாம் ஷெல்: லக் ஓட்டை விரிசலைச் சரிசெய்த விதம்

டாம் டிரம்மின் ஷெல்லில், அதாவது உருளை உடலில், லக் (அடிக்கும் தோலான ஹெட்டை இறுக்கும் திருகைப் பிடிக்கும் உலோகத் துண்டு) மாட்டும் ஓட்டையில் விரிசல். அதன் வெளிப்புறம் மட்டும் பட்டி வைத்தால் பயனில்லை. ஹெட்டை இறுக்கியதும் மறுபடி பிளக்கும். இழை அறுந்த இடத்தைப் புது இழைதான் தாங்கும்.

விரிசலின் நுனியில் 2 மி.மீ. துளை போட்டேன், மேற்கொண்டு ஓடாமலிருக்க. உட்புறம் சுற்றிலும் 2 அங்குலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, இரண்டு அடுக்கு. 100 கிராம் பாலியெஸ்டர் ரெசினில் முதலில் 1 கிராம் கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) நன்றாகக் கலக்க வேண்டும். அப்புறம்தான் ஒன்றரை கிராம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்). கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், இதில் அலட்சியமே கூடாது. பிரஷ்ஷால் இழுக்காமல் ஒத்தி ஒத்தி எடுக்கணும். மேட் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் ரெசின் இறங்கவில்லை. ஈரக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை விடக்கூடாது.

மறுநாள் லக் ஓட்டையைத் திரும்பத் துளைத்து, உள்ளே அகல வாஷர் போட்டேன்.

ஹெட் உட்காரும் விளிம்புதான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. தடித்த கண்ணாடிமேல் ஷெல்லைக் கவிழ்த்து, இருட்டில் உள்ளே டார்ச் வைத்தால் வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். கண்ணாடியில் 150 நம்பர் தாளை ஒட்டி, கசிவு நிற்கும்வரை ஷெல்லைச் சுழற்றித் தேய்த்தேன். நீர்த்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. அப்போதும் மாஸ்க், முழுக்கைச் சட்டை கட்டாயம்.