நரம்பில் அமினோ அமிலம் ஏறினாலும் குடல் பட்டினிதான்

ட்ரிப்ஸ் ஓடுகிறது, அதில் புரதத்தின் சிறு கூறான அமினோ அமிலமும் இருக்கிறது, ஆகவே குடலுக்கும் சாப்பாடு போய்விட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளம்புகின்றன.

சிறுகுடலின் உள்சுவரில் குட்டி விரல்களைப் போல நிற்கும் குடலுறிஞ்சிகளின் மேற்போர்வை, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதிதாகிவிடும். அந்தச் செல்கள் தங்கள் தீனியில் கணிசமான பங்கைப் பக்கத்தில் கடந்துபோகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. உணவு வரவில்லையென்றால் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்கள் குறையும், உறிஞ்சிகள் குட்டையாகும். பித்தப்பையும் சுருங்க மறந்து, பித்தம் வண்டல்போலத் தேங்கும். அதனால் குடலில் அடைப்போ ரத்த ஓட்டக் குறைவோ இல்லாதவருக்கு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று, வயிற்றுக்கோ குடலுக்கோ குழாய் வழியாகக் கொடுக்கும் உணவை முழுக்க நிறுத்தக் கூடாது. மணிக்கு 10 முதல் 20 மில்லி, அதாவது இரண்டிலிருந்து நான்கு தேக்கரண்டி போதும். பசியாற்ற அது காணாது. குடல் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

சரி, குளூட்டமின் என்ற அமினோ அமிலம்? குடல் செல்களுக்குப் பிடித்த எரிபொருள் அதுதான். ஆனால் கரைசலில் நிலைக்காமல் சிதைந்துவிடுவதால் வழக்கமான அமினோ அமிலப் பாட்டில்களில் பெரும்பாலும் இருக்காது. அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு இணைத்துத் தனியாகத்தான் ஏற்றுவார்கள். ‘குடலுக்கு நல்லதுதானே’ என்று எல்லோருக்கும் சேர்ப்பது ஆபத்து. 2013இல் வெளியான ரெடாக்ஸ் ஆய்வில், பல உறுப்புகள் செயலிழந்த நிலையில் ஐசியூவில் இருந்த 1,223 பேரில், குளூட்டமின் பெற்றவர்களிடையே ஆறு மாத இறப்பு கூடுதலாக இருந்தது. சிறுநீரகம் பழுதானவருக்கு இதைத் தொடங்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

‘தெம்புக்கு’ என்று அமினோ அமிலப் பாட்டிலை மட்டும் மாட்டுவதும் நடக்கிறது. குளுக்கோஸும் கொழுப்பும் போதுமான அளவு கூடவே போகாவிட்டால் உடல் அந்த அமினோ அமிலத்தையே விறகாக எரிக்கும், ரத்தத்தில் யூரியா என்ற கழிவுதான் ஏறும். அதற்காக, நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில் முழு குளுக்கோஸையும் ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம்.

அப்புறம், இரண்டு வாய் கஞ்சி இறங்கியதுமே ட்ரிப்ஸைக் கழற்றச் சொல்லும் அவசரம். குட்டையான உறிஞ்சிகள் ஒரே நாளில் நிமிராது. குடல்வழி உணவு தேவையில் பாதியைத் தாண்டியபின் ட்ரிப்ஸைப் படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம்.