மொர்கோனுக்குப் போகும் நாளில் மல்லிகை வேண்டாம்

பிரான்ஸில் லியோன் நகரத்தில் குடியேறி 11 வருஷம் ஆகிறது. புதுச்சேரியிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் ஒரு நாள் வடக்கே போஜொலே என்ற ஒயின் பகுதிக்கு, ருசி பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அப்பா, மகள், மருமகன் என்று ஒரே குடும்பம் கொடியைக் கவாத்து செய்து, பழம் பறித்து, ஒயின் போட்டு, புட்டியிலும் அடைக்கிற வீடாகப் பார்த்துத்தான் போவேன். பீப்பாய் சுமக்கும் ஆள் படம் போட்ட அடையாளம் வாசலிலோ புட்டியிலோ இருந்தால், சொந்தத் தோட்டத்துப் பழத்தில் தாங்களே ஒயின் செய்கிறவர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். முதல் தடவை நான் சொல்லாமல் கொள்ளாமல் சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது, அடுப்படி ஜன்னல் வழியாக வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. இரண்டு மணி வரை மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன். பிரான்ஸில் கிராமத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அறுவடை. அவர்களாக வரச்சொன்னால் ஒழிய அப்போது போகாதீர்கள்.

லியோன் பார்-தியூ நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பெல்வில். அங்கிருந்து மொர்கோன் ஒயினின் ஊரான வில்லியே-மொர்கோனுக்கு டாக்சி சொல்லிவைத்துக்கொள்ளலாம். கார் எடுத்தால் ஓட்டுகிறவர் குடிக்கவே கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். அரசாங்கச் சட்டப்படி ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் வரைதான். புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு 0.2.

அன்று காலை சென்ட் போடாதீர்கள். தலையில் மல்லிகையும் வேண்டாம். எனக்கு உயிர்தான், ஆனால் ஒயின் ருசி பார்க்கிற அந்தச் சின்ன நிலவறையில் மல்லிகை ஒரு முழம் இருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒயினின் வாசனை ஏறாது. ஊறுகாய், காரச் சட்னியும் வேண்டாம். வெறும் வயிற்றோடும் போகாமல் கொஞ்சம் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

போனதும் கோப்பையை எதிர்பார்க்காமல், தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே அவர்கள் முகம் மலரும். மொர்கோனில் கோத் து பீ என்ற குன்றில் மண்ணைக் கையில் எடுத்தால், மக்கிய கல் விரலிடுக்கில் பொடிந்து கொட்டும். பக்கத்து ஊரான ஃப்ளூரியில் அதுவே இளஞ்சிவப்புக் கருங்கல் மணல். இரண்டிலும் விளைவது கமே என்ற ஒரே திராட்சைதான், ஆனாலும் ருசி வேறு. பழக்காலமாக இருந்தால் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிதுக்கிப் பாருங்கள்: தோல் கறுப்பு, சாறு நிறமில்லாதது. ஒயினின் சிவப்பு முழுக்கத் தோலிலிருந்து இறங்குவது. இந்தக் கமேயைத்தான் 1395ல் பர்கண்டி பிரபு ஃபிலிப் தன் நாட்டிலிருந்தே பிடுங்கி எறியச் சொன்னார். தெற்கே இந்தக் கருங்கல் மண்ணில் அது பிழைத்துக்கொண்டது.

இங்கே பெரும்பாலும் பழத்தை நசுக்காமல் கொத்துக்கொத்தாகவே தொட்டியில் போடுகிறார்கள். அடியில் இருப்பது பாரத்தில் நசுங்கிப் புளிக்கும். அதிலிருந்து வரும் கரியமில வாயு தொட்டியை நிறைக்க, மேலே இருக்கும் முழுப் பழம் தனக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். பழவாசனை தூக்கலாக இருப்பது அதனால்தான்.

இனி கோப்பை. கீழ்த்தண்டைப் பிடியுங்கள். வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்தால் இளம் ஒயினின் ஓரம் ஊதாவாகவும், வயதானதின் ஓரம் செங்கல் நிறமாகவும் தெரியும். ஆட்டாமல் ஒருமுறை, சுழற்றிவிட்டு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு, உதட்டிடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சமே வேண்டாம், ஒயின் செய்கிறவரும் உங்கள் பக்கத்திலேயே துப்புவார். ஆறேழு ஒயினை உருப்படியாக ருசிக்க வேறு வழியில்லை. மென்மையான ஃப்ளூரி ஒயின் முன்னால் வரும், மொர்கோன் அடுத்து, திடமான முலான்-ஆ-வான் என்ற ஒயின் கடைசியில்.

என்ன சொல்வது என்று பயப்படாதீர்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். ராஸ்பெரி, வயலெட் பூ என்று அவர்கள் சொல்வதை நீங்களும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. போன வருஷம் காரைக்கால் சித்தப்பா வந்திருந்தார். மொர்கோனை வாயில் வைத்து, துப்பி, நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார்.

“நாவல் பழம் தின்ன மாதிரி நாக்கைப் பிடிக்குதும்மா.”

“துவர்ப்பா சித்தப்பா?”

“துவர்ப்புதான். ஆனா கடுக்காய்த் துவர்ப்பு இல்ல. விட்டுடுது பாரு.”

நான் மொழிபெயர்த்தேன். அந்த வீட்டு மகள் நாவல் பழத்தைப் பார்த்ததே இல்லை. போனில் படம் காட்டச் சொன்னார், நாக்கு ஊதாவாகுமா என்று கேட்டார். பிறகு உள்ளே போய் அதே தோட்டத்தின் பழைய வருஷத்து மொர்கோன் ஒன்றைத் திறந்து, “இதிலும் அது இருக்கிறதா என்று கேளுங்கள்” என்றார். துவர்ப்பை ஆறு சுவையில் ஒன்றாகச் சின்ன வயதிலேயே எண்ணிப் பழகிய நாக்கு நம்முடையது. அதை நம்புங்கள்.

ருசி பார்க்கக் காசு வாங்காத வீடானால் இரண்டு புட்டியாவது வாங்குவது மரியாதை. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லி வாங்க வேண்டாம். பிடித்தது எது, ஏன் என்று சொன்னாலே சந்தோஷப்படுவார்கள். ஊருக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு: இந்தியாவில் ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்க வரியில்லை, அதாவது 750 மில்லி புட்டி இரண்டு. வேட்டியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

வீட்டில் புட்டியைப் படுக்கவைத்து, சூடில்லாத இடத்தில் வையுங்கள். நல்ல மொர்கோன் ஐந்தாறு வருஷம் தாங்கும். திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தெடுங்கள், நம் ஊர் வெயிலில் இது கட்டாயம். மிளகாய் தூக்கலான குழம்போடு வேண்டாம், காரத்தில் ஒயின் எரியும். மிளகு, சீரகம் மட்டும் போட்டு வறுத்த கோழிக்கு நன்றாகச் சேரும்.